இரண்டு பயாப்ஸி, இரண்டு பெயர்

வணக்கம். என் மாமாவுக்கு நுரையீரல் புற்றுநோய். சிகரெட்டே பிடிக்காதவர். முதல் பயாப்ஸியில் அடினோகார்சினோமா என்று வந்தது, இஜிஎஃப்ஆர் மரபணுவில் மாற்றம் இருப்பதாகச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். ஒன்றரை வருடம் நன்றாக இருந்தார். இப்போது கட்டி மறுபடி வளர்கிறது, இரண்டாவது பயாப்ஸியில் ‘ஸ்மால் செல்’ என்கிறார்கள். முதல் ரிப்போர்ட் தப்பா? ஒரு வகை செல் இன்னொரு வகையாக மாறுமா?

- ஒரு வாசகர்

வணக்கம்.

மாறும். லேபைத் திட்டுவதற்கு முன் இதைக் கேளுங்கள். 2011-ல் பாஸ்டனில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், இதே மாதிரி, இஜிஎஃப்ஆரை அடக்கும் மாத்திரைக்கு அடங்காமல் போன 37 பேருக்கு மறுபடி பயாப்ஸி எடுத்துப் பார்த்தார்கள். 5 பேருக்கு ஸ்மால் செல்லாக மாறியிருந்தது. ஐந்து பேரிடமும் பழைய இஜிஎஃப்ஆர் மாற்றம் அப்படியே இருந்தது, அதாவது புதுக் கட்டி எதுவும் முளைக்கவில்லை, பழைய கட்டியின் வாரிசுதான் வேறு உருவில் வந்திருக்கிறது.

உருவம் என்றால் நிஜமாகவே உருவம். அடினோவில் செல்கள் ஓரளவு பெரிதாக, சுரப்பி போல வளையம் கட்டி நிற்கும், சிலவற்றில் சளிகூடத் தெரியும். ஸ்மால் செல்லில் உட்கருவைச் சுற்றி இடமே இருக்காது, கருநீலமாக ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடக்கும், நரம்புச் செல்லுக்கு உரிய சினாப்டோஃபிசின் என்ற புரதமும் பெரும்பாலும் அதில் இருக்கும்.

இப்படி மாறும் கட்டிகளில் பெரும்பாலும் ஆர்பி1, டிபி53 என்ற இரண்டு மரபணுக்களும் பழுதாகியிருக்கும். செல் கண்டபடி பெருகாமல் தடுப்பவை என்றுதான் இவற்றை நாம் படித்தோம். ஆனால் 2017-ல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் ஆய்வாளர்கள் புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களில் இரண்டையும் முடக்கியபோது சாக்ஸ்2 என்ற மரபணு தலைதூக்கியது, செல்கள் தங்கள் வகையை விட்டு விலகி ஹார்மோன் மருந்துக்குத் தப்பிவிட்டன. இந்த சாக்ஸ்2 வேறு ஒரு இடத்தில் ரொம்பப் பிரபலம்: 2006-ல் ஜப்பானின் கியோட்டோவில் ஷின்யா யமனாகா என்ற ஆய்வாளர் எலியின் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசுச் செல்லை, எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லாக்க நுழைத்த நான்கு மரபணுக்களில் ஒன்று அது, அந்த நான்கில் இன்னொன்றான சி-மிக் பேர்போன புற்றுநோய் மரபணு. டிபி53 மரபணு தரும் பி53 என்ற புரதத்தை எடுத்துவிட்டால் யமனாகாவின் அந்த மாற்றம் இன்னும் சுலபமாகிறது என்றும் 2009-ல் பல ஆய்வகங்கள் காட்டின. செல்லைத் தன் வகையிலேயே பிடித்து வைத்திருப்பதும் புற்றாகாமல் காப்பதும் பாதிக்கு மேல் ஒரே மரபணுக் கூட்டத்தின் வேலை என்பது என் எண்ணம், இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது.

சரி, மாமா விஷயம். ஸ்மால் செல் இஜிஎஃப்ஆரை நம்பிப் பிழைப்பதில்லை, அதனால்தான் மாத்திரை மட்டும் போதவில்லை. வழக்கமாகப் பிளாட்டினம் மருந்தோடு எட்டோபோசைட் கீமோ கொடுப்பார்கள், ஆரம்பத்தில் பலருக்குக் கட்டி நன்றாகவே சுருங்கும். பழைய மாத்திரையைத் தொடர வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். இரண்டாவது சாம்பிளிலும் இஜிஎஃப்ஆர் பார்த்தார்களா, இரண்டு ஸ்லைடையும் ஒரே பேத்தாலஜிஸ்ட் பக்கத்தில் வைத்துப் பார்த்தாரா என்றும் கேளுங்கள், ஏனென்றால் சிலருக்கு முதலிலேயே இரண்டும் கலந்திருந்து ஊசியில் ஒன்று மட்டும் சிக்கியிருக்கும். ஆனால் இதற்காகக் கீமோவைத் தள்ளிப்போடாதீர்கள், இந்த வகை வேகமாகப் பரவும்.