சபைக்குள் நிறவெறியைப் பேசுவது: எங்கிருந்து தொடங்குவது?

கிறிஸ்தவ சபைகளில் நிறவெறியைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேச முடியுமா, பேசினால் சபை பிளவுபடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். பேச முடியும். ஆனால் பேச்சை எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தே அது உண்மையான பேச்சாக இருக்குமா, வெறும் சடங்காக முடியுமா என்பது அமையும். பெரும்பாலான சபைகள் கலாத்தியர் 3:28ஐ வாசித்து, "நாம் எல்லாரும் கிறிஸ்துவுக்குள் ஒன்றே" என்று தொடங்குகின்றன. பல நேரங்களில் பேச்சும் அத்துடன் நின்றுவிடுகிறது. வசனத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிட்டால், தனக்கு நேர்ந்ததைச் சொல்ல எழுந்தவர் அடுத்த நொடியே ஒற்றுமையைக் குலைக்க வந்தவராகிவிடுகிறார். அதனால், அந்தச் சபை தானே எடுத்த தீர்மானங்களிலிருந்தும், அதன் பதிவேட்டிலும் கட்டடத்திலும் எஞ்சியிருக்கும் சான்றுகளிலிருந்தும் தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து.

தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் வரலாறே என்னை இந்த முடிவுக்குக் கொண்டுவந்தது. கேப் காலனியில் 1829இல் கூடிய அதன் பேரவை, திருவிருந்து நிற வேறுபாடின்றி எல்லாருக்கும் ஒன்றாகவே வழங்கப்பட வேண்டும் என்று தீர்மானித்தது. வெள்ளையரில் சிலர் கறுப்பினத்தாரோடு ஒரே பந்தியில் அமர மறுத்துக்கொண்டே இருந்தார்கள். 1857இல் மீண்டும் இந்தப் பிரச்சினை எழுந்தபோது, புதிதாக மனந்திரும்பியவர்களை இருக்கும் சபைகளிலேயே சேர்த்துக்கொள்வதுதான் விரும்பத்தக்கது, வேதத்துக்கும் இசைந்தது என்று பேரவை ஒப்புக்கொண்டது. ஆயினும் "சிலருடைய பலவீனத்தின் காரணமாக" அது ஊழியத்துக்குத் தடையாக இருக்கும் இடங்களில் அவர்கள் தனிக் கட்டடத்தில் ஆராதிக்கலாம் என்று அதே தீர்மானம் இடம் கொடுத்தது.

அந்தத் தீர்மானத்தில் வெறுப்பைக் காட்டும் சொல் ஒன்றுகூட இல்லை. சிலருடைய மனம் நோகாதிருக்கத் தற்காலிகமாகச் செய்த ஏற்பாடாகவே அது முன்வைக்கப்பட்டது. "விசுவாசத்தில் பலவீனமுள்ளவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று பவுல் ரோமருக்கு எழுதியது சேர்த்துக்கொள்வதற்காக. இங்கோ பலவீனர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் தங்கள் இருக்கைகளில் அப்படியே இருந்தார்கள், வெளியே அனுப்பப்பட்டவர்கள் மற்றவர்கள். பிறகு விதிவிலக்கே விதியாயிற்று. கலப்பினத்தவர் என்று வகைப்படுத்தப்பட்டவர்களுக்காக 1881இல் தனித் திருச்சபை ஒன்று அமைந்தது. கறுப்பினத்தாருக்கான சபைகள் 1963இல் ஒரே திருச்சபையாகத் திரட்டப்பட்டன. 1968இல் இந்தியர்களுக்கும் ஒரு திருச்சபை தனியே நிறுவப்பட்டது. 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேறிய நம் தமிழர்களின் சந்ததியாரும் அந்த இந்தியர்களில் அடக்கம். 1948இல், மக்களை நிறவாரியாகப் பிரித்து வைக்கும் இனஒதுக்கல் அரசுக் கொள்கையானபோது பிரதமராகப் பதவியேற்ற டி. எஃப். மாலன், இதே திருச்சபையில் முன்பு போதகராக இருந்தவர். சபை செய்து காட்டிய பிரிவினையை அரசு சட்டமாக்கியது என்று சொன்னால் மிகையாகாது.

இதற்கு மறுமொழி, பிரித்து வைக்கப்பட்டவர்களிடமிருந்தே வந்தது. கேப் டவுனுக்கு வெளியே, அரசு கலப்பினத்தவருக்கென ஒதுக்கிய பெல்ஹாரில் 1982இல் கூடிய அவர்களுடைய திருச்சபை, ஒரு விசுவாச அறிக்கையின் வரைவை உருவாக்கி, 1986இல் அதை முறைப்படி ஏற்றது. இனஒதுக்கலைக் குறிக்க உலகமே பயன்படுத்திய 'அபார்த்தைட்' என்ற சொல் அதில் இல்லை. எந்தத் தலைவரின் பெயரும் இல்லை. நிறத்தின் பேரால் மக்களை வலிந்து பிரிப்பதை நற்செய்தியின் பெயரால் நியாயப்படுத்தும் எந்தப் போதனையையும் நிராகரிக்கிறோம் என்று அது சொல்கிறது. அதனுடன் சேர்த்து வெளியிட்ட கடிதம், இந்த அறிக்கை குறிப்பிட்ட மனிதர்களைக் குறிவைத்தது அல்ல, பொய்யான போதனையைக் குறிவைத்தது என்று விளக்குகிறது. காயப்பட்டவர்கள் இவ்வளவு நிதானத்தோடும் இவ்வளவு உறுதியோடும் பேச முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்றை நான் கண்டதில்லை.

1990 நவம்பரில் ரஸ்டன்பர்க் நகரில் பல திருச்சபைகளின் மாநாடு கூடியபோது, வெள்ளையரின் டச்சு சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழக இறையியல் பேராசிரியர் வில்லி யோங்கர் எழுந்து, தன் பாவத்தை மட்டுமின்றித் தன் திருச்சபையின் பாவத்தையும் அறிக்கையிட்டார். கறுப்பினத்தவரான ஆங்கிலிக்கன் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு உடனே எழுந்து அந்த அறிக்கையை ஏற்றுக்கொண்டார். மனத்தை நெகிழச் செய்யும் நிகழ்ச்சிதான். ஆனால் தங்களைக் கலந்துகொள்ளாமல் தங்கள் சார்பில் மன்னிப்பு வழங்கப்பட்டதே என்று கறுப்பினத்தாரில் சிலர் வருந்தினார்கள், அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. மன்னிப்பை யாரும் அவசரப்படுத்தக் கூடாது. அதைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு அம்சமாகப் போடவே கூடாது.

இனி நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். டச்சுக் குடியேறிகள் நிறுவிய சபைகள் நிறைந்த அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில்தான் நான் வசிக்கிறேன். அங்குள்ள அமெரிக்க சீர்திருத்தத் திருச்சபை 2010இல் பெல்ஹார் அறிக்கையைத் தன் விசுவாச அறிக்கைகளில் ஒன்றாக ஏற்றது. அதன்பின் நான் செல்லும் சபையிலும் அதைச் சில வாரங்கள் மாலை வேளையில் படித்தோம். தொடக்கத்தில் பேச்சு தென்னாப்பிரிக்காவை விட்டு நகரவேயில்லை, ஏனென்றால் தொலைவில் இருக்கும் பாவத்தைப் பற்றிப் பேசுவது யாருக்கும் எளிது. வயதான கறுப்பினப் பெண்மணி ஒருவர்தான், "நம் ஆலயம் நகரத்தின் நடுவில் இருந்ததே, ஏன் இங்கே வந்தது?" என்று கேட்டார். மூப்பர் ஒருவர் அடுத்த வாரம் 1960களின் பதிவேட்டைக் கொண்டுவந்தார். ஆலயத்தை விற்றதற்குக் காரணமாக, வாகனம் நிறுத்த இடம் போதவில்லை என்று தட்டச்சில் ஒரே ஒரு வரி இருந்தது. அதே பதிவேட்டின் பின்பக்கங்களில் உறுப்பினர்களின் முகவரிகள் ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்பட்டிருந்தன. கறுப்பினக் குடும்பங்கள் குடிவந்த தெருக்களிலிருந்து வெள்ளையர் ஒவ்வொருவராகப் புறநகருக்கு வெளியேறியது அதில் தெளிவாகத் தெரிந்தது. அந்த அறையில் யாரும் யாரையும் குற்றம் சாட்டவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. பதிவேடு எல்லாருக்கும் பொதுவான சொத்து என்பதால், அதுவரை வாய் திறக்காதவர்களும் அன்று பேசினார்கள்.

தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நமக்கு இந்தப் பேச்சு வேறொரு பெயரில் மிக அருகில் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளத்தில், சாதிகள் ஒன்றோடொன்று கலவாமல் பூசை காண்பதற்காக 19ஆம் நூற்றாண்டில் இரு பிரிவாகக் கட்டப்பட்ட ஆலயத்தைப் பற்றி எத்தனை மறைக்கல்வி வகுப்புகளில் பேசப்படுகிறது? அங்கும் வெள்ளைக்காரக் குருக்கள் சொன்ன காரணம், மனந்திரும்பியவர்களை இழந்துவிடக் கூடாது என்பதுதான். நிறமும் சாதியும் ஒன்றல்ல என்பதை அறிவேன். ஆனால் சபை சொல்லிக்கொள்ளும் சாக்கு ஒன்றாகவே இருக்கிறது.

பிளவு வருமா என்ற உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். சிலர் விலகக்கூடும். ஜோகன்னஸ்பர்க்கில் வெள்ளையர் சபையொன்றின் போதகராக இருந்த பேயர்ஸ் நவ்டே, 1963இல் இனஒதுக்கலை எதிர்க்கும் அமைப்பின் பொறுப்பை ஏற்றதால் தன் போதகப் பணியை இழந்தார். 1977 முதல் 1984 வரை அரசின் தடையாணைக்குள் வாழ்ந்தார். 1994இல் கறுப்பினத் திருச்சபையும் கலப்பினத் திருச்சபையும் இணைந்து ஒன்றாயின. வெள்ளையர் திருச்சபை பெல்ஹாரைத் தன் முழுமையான விசுவாச அறிக்கையாக ஏற்க முயன்றபோது தேவையான பெரும்பான்மை கிடைக்கவில்லை. எனவே பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் அங்கே பிளவை உண்டாக்கியது பேச்சு அல்ல, 1857இன் தீர்மானம். பேசியவர்கள் அதை ஊரறியச் சொன்னார்கள், அவ்வளவே.

உங்கள் சபையில் இதைத் தொடங்க விரும்பினால், முதலில் ஆயரிடம் தனியே பேசுங்கள். கூட்டத்தில் திடீரென எழுப்பினால் அவர் தற்காத்துக்கொள்ளவே முனைவார். கூட்டத்தை நடத்தும் பொறுப்பைப் பாதிக்கப்பட்டவர்களின் தலையில் கட்டாதீர்கள். தங்கள் காயத்தையும் சுமந்துகொண்டு மற்றவர்களுக்குப் பாடமும் நடத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. ஆனால் எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்பதை மட்டும் அவர்களே முடிவு செய்யட்டும். பழைய பதிவேடுகள், கல்லறைத் தோட்டத்தின் வரைபடம், ஆலயக் கமிட்டியில் இதுவரை இருந்தவர்களின் பட்டியல் ஆகிய மூன்றையும் மேசைமேல் வைத்துவிட்டு, அந்தக் கேள்விக்காகக் காத்திருங்கள்.