செடர் இரவுக்குச் சமைக்கிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

யூதர்களின் பண்டிகை இது. தமிழ் பைபிளில் பஸ்கா என்று படித்திருப்பீர்கள். இங்கே இஸ்ரேலில் எல்லோரும் பெசாக் என்பார்கள். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலையான கதையை, பண்டிகையின் முதல் இரவு குடும்பமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசித்து, பாடி, நடுவில் சாப்பிடுவதுதான் செடர். வாசிக்கும் புத்தகத்துக்குப் பெயர் ஹகடா. நான் வாழ்க்கைப்பட்டது இஸ்ரேலின் ரமத் கானில், போலந்து வழி வந்த ஆஷ்கெனாசி (ஐரோப்பிய யூத) குடும்பத்தில். என் ஓரகத்தியின் தாய்வீடு ஈராக் வழி. இரண்டு அடுப்படியும் எனக்குப் பழக்கம். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இதோ.

டல்லாஸிலிருந்து: அக்கா, கணவர் யூதர். இந்த வருஷம் மாமனார், மாமியார் சேர்த்துப் பத்துப் பேர் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். எனக்கு இது முதல் தடவை. எங்கே தொடங்குவது?

கடைக்குப் போவதற்கு முன்னால் மாமியாருக்குப் போன் போடுங்கள். மூன்று விஷயம் கேளுங்கள். அரிசி, பருப்பு சாப்பிடுவீர்களா? மட்சாவை (அந்த வாரம் புளித்த ரொட்டி கூடாது, அதற்குப் பதிலான புளிக்காத தட்டை ரொட்டி) நனைத்துச் சமைத்தது சாப்பிடுவீர்களா? பாத்திரம் விஷயத்தில் எவ்வளவு கறார்? சில வீடுகளில் பஸ்காவுக்கென்றே தனிப் பாத்திரம் பரணில் இருக்கும். சில வீடுகளில் ரொட்டியைத் தவிர்த்தால் போதும். இணையத்தில் விதிகளைப் படித்துவிட்டு அவர்களைவிடக் கறாராக ஆரம்பிப்பதும் வம்பு, லேசாக விடுவதும் வம்பு. அந்தக் குடும்பத்தின் வழக்கம் எதுவோ அதுதான் உங்கள் விதி.

அடுத்தது நேரம். புதிதாகச் சமைக்கிறவர்களுக்கு இதுதான் பிடிபடுவதில்லை. உட்கார்ந்ததும் சாப்பாடு வராது. இருட்டிய பிறகு முதல் கோப்பைத் திராட்சை ரசம், கை கழுவுதல், உப்புத் தண்ணீரில் தோய்த்த காய் ஒரு துண்டு, மட்சாவை உடைத்தல், பிறகு கதை, இரண்டாம் கோப்பை, மட்சா, கசப்புக் கீரை. இத்தனையும் ஆன பிறகே சூப். எங்கள் வீட்டில் இதற்கு ஒன்றரை மணி நேரம் போகும். பாட்டும் வாதமும் பிடித்த குடும்பமென்றால் இன்னும் நீளும். ஆகவே காத்திருக்கத் தெரிந்த பதார்த்தங்களை மட்டும் செய்யுங்கள். சுடச்சுடப் போட்டால்தான் ருசி என்கிற எதுவும் அன்றைக்கு வேண்டாம்.

பத்துப் பேருக்கு: உப்புத் தண்ணீரில் வேகவைத்த முட்டை, கெஃபில்டே மீன் (கெண்டை போன்ற மீனை அரைத்து உருண்டை பிடித்து வேகவைப்பது, இதைக் கடையில் வாங்கிவிடுங்கள்), மட்சா உருண்டை போட்ட கோழி சூப், பிரிஸ்கெட் (மாட்டு நெஞ்சுக்கறி), உருளைக்கிழங்கு கூகல் (துருவி ஓவனில் சுடுவது), ஒரு சாலட், இனிப்பு. சூப்பை மூன்று நாள் முன்னால் செய்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். கறி முதல் நாள். மற்றதெல்லாம் அன்று காலை. மாலை ஐந்து மணிக்கு மேல் அடுப்படியில் நின்றால் திட்டம் எங்கோ தவறியிருக்கிறது என்று அர்த்தம்.

சிங்கப்பூரிலிருந்து: ஈஸ்ட் போட்ட ரொட்டிதானே கூடாது? சப்பாத்தியில் ஈஸ்ட் இல்லையே, அதை வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. தடை ஈஸ்ட்டோடு நிற்பதில்லை. கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் என்று ஐந்து தானியம். இவற்றின் மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடத்துக்குள் சுட்டு எடுக்காவிட்டால் அது ஹமேட்ஸ், அதாவது புளித்தது. மாவு பிசைந்து அரை மணி நேரம் ஊற வைக்கிறோமே, அது நேராக அந்தக் கணக்கில் போகும். மட்சா செய்கிற இடங்களில் கடிகாரத்தை வைத்துக்கொண்டுதான் வேலை செய்வார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் மேசை, உருட்டுக்கட்டை எல்லாம் சுத்தமாக்கிவிட்டே அடுத்த மாவைத் தொடுவார்கள். வீட்டில் வேகமாகச் சப்பாத்தி சுட்டு மட்சா என்று வைக்க நினைக்காதீர்கள், பஸ்காவுக்கு என்று அச்சிட்ட பெட்டியை வாங்குங்கள். அதே கடையில் சாதாரண மட்சாவும் விற்கும், பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். முட்டை சேர்த்த மட்சாவும் செடருக்கு ஆகாது. வெறும் மாவும் தண்ணீரும்தான்.

நம் அலமாரியில் ஒளிந்திருப்பவை: ரவை, சேமியா, ஹார்லிக்ஸ், சோயா சாஸ், பீர். அப்புறம் பெருங்காயம்! கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். இது யாருக்கும் தோன்றுவதில்லை.

அதே சிங்கப்பூர் வாசகர்: அப்படியானால் பெருங்காயம் இல்லாமல் ஒரு சாம்பார் வைக்கலாமா? அரிசியும் பருப்பும் அந்த ஐந்தில் இல்லையே.

ஆளைப் பொறுத்தது. ஆஷ்கெனாசி வழக்கத்தில் அரிசி, பருப்பு, சோளம், எள், கடுகு எல்லாம் கிட்னியோத் என்ற வகையில் சேர்ந்துவிடும். ஹமேட்ஸ் இல்லைதான், ஆனாலும் சாப்பிட மாட்டார்கள். தாளிக்கக் கடுகு இல்லை, உளுந்து இல்லை, நல்லெண்ணெய் இல்லை என்றால் சாம்பாரில் என்ன மிஞ்சும்? ஸ்பெயின் வழி வந்த செபார்டி யூதர்களிலும் ஈராக் போன்ற கிழக்கு நாட்டு யூதர்களிலும் பலர் அரிசி சாப்பிடுவார்கள். என் ஓரகத்தியின் அம்மா வெள்ளைத் துணியில் அரிசியைப் பரப்பி மூன்று முறை பொறுக்குவார், கோதுமை மணி ஒன்றுகூட இருக்கக் கூடாதே. கல் பொறுக்கிப் பழகிய எனக்கு அந்த வேலை எளிதாக வந்தது, அந்த வீட்டில் எனக்கு மதிப்பு ஏறியதே அதில்தான். அமெரிக்காவில் கன்சர்வேடிவ் என்ற யூத சமயப் பிரிவின் சட்டக் குழு 2015 கடைசியில் ஆஷ்கெனாசிகளும் கிட்னியோத் சாப்பிடலாம் என்று தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் பழக்கம் விடாதவர்கள் நிறைய. அதனால்தான் முதல் போனில் கேட்கச் சொன்னேன்.

பெங்களூரிலிருந்து: செடர் தட்டில் என்னென்ன வைக்க வேண்டும்? குதிரை முள்ளங்கி இங்கே கிடைக்கவில்லை. முருங்கை வேர் அதே காரம் என்கிறார்களே?

முருங்கை வேரை விட்டுவிடுங்கள். வெள்ளைக்காரர்கள் ஒரு காலத்தில் அதைத் துருவி அப்படிச் சாப்பிட்டது உண்மை, முருங்கைக்கு ஆங்கிலத்தில் குதிரை முள்ளங்கி மரம் என்ற பெயரே அதனால் வந்தது. ஆனால் அந்த வேரிலும் வேர்ப்பட்டையிலும் நச்சுப்பொருள் உண்டு. விருந்தாளிக்குக் கொடுக்கிற சமாசாரம் இல்லை.

கவலையும் வேண்டாம். கசப்புக்கு, அதாவது மரோருக்கு, நீள இலை லெட்டூஸ்தான் பழைய வழக்கம். மிஷ்னா என்ற பழைய யூதச் சட்ட நூல் சொல்லும் கீரைப் பட்டியலில் முதலில் வருவதும் அதுதான் என்பார்கள். லெட்டூஸ் விளையாத குளிர் நாடுகளில் குதிரை முள்ளங்கி புகுந்தது. இலையை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி பார்த்துக் கழுவுங்கள்.

தட்டில் மற்றவை: சுட்ட எலும்பு ஒன்று (கோழிக் கழுத்தும் போதும்), ஓட்டோடு சுட்ட முட்டை, கர்பாஸ் என்கிற பச்சைக் காய்க்குப் பார்ஸ்லி அல்லது வேகவைத்த உருளைக்கிழங்கு, பிறகு ஹரோசெட். எகிப்தில் செங்கல் செய்த களிமண்ணை நினைவுபடுத்தும் இனிப்பு விழுது இது. எங்கள் வீட்டில் மூன்று ஆப்பிளைப் பொடியாக நறுக்கி, ஒரு கோப்பை வால்நட், ஒரு தேக்கரண்டி பட்டைத் தூள், கால் கோப்பை இனிப்பு ஒயின் சேர்ப்போம். ஓரகத்தி வீட்டில் பேரீச்சம்பழப் பாகில் உடைத்த வால்நட், அவ்வளவுதான். எது மேல் என்று கேட்டால் மாமியார் காதில் விழாமல் சொல்வேன்: பேரீச்சைதான். இந்தியாவில் மட்சா வேண்டுமானால் சபாத் (Chabad) என்ற யூத அமைப்பின் இல்லங்களிலோ மும்பை யூதக் குடும்பங்களிலோ முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

டொராண்டோவிலிருந்து: அக்கா, மட்சா உருண்டை கல் மாதிரி வருகிறது. சுவரில் அடித்தால் சுவர் உடையும்.

மாவு கூடியிருக்கும், அல்லது அழுத்திப் பிடித்திருப்பீர்கள், அல்லது வேகவில்லை. பெரும்பாலும் மூன்றும்.

நாலு முட்டையை அடித்து, கால் கோப்பை எண்ணெய் அல்லது கோழிக் கொழுப்பு, கால் கோப்பை சூப், ஒரு தேக்கரண்டி உப்பு, மிளகுத்தூள் சேர்த்துக் கலக்குங்கள். ஒரு கோப்பை மட்சாத் தூளைப் போட்டுக் கரண்டியால் கலந்தால் போதும், பிசையக் கூடாது. தோசை மாவைவிடக் கெட்டி, வடை மாவைவிடத் தளர்வு. இதைப் பார்த்ததும் இன்னும் ரெண்டு கரண்டி தூள் போடக் கை துறுதுறுக்கும். போடாதீர்கள். ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருந்தால் தூள் ஈரத்தைக் குடித்துத் தானாக இறுகும். கையை நனைத்துக்கொண்டு, சின்ன எலுமிச்சை அளவுக்கு, விரல் நுனியால் மட்டும் உருட்டுங்கள். அகலப் பாத்திரத்தில் உப்புத் தண்ணீர் கொதித்ததும் போட்டு, தீயைக் குறைத்து, மூடி 40 நிமிடம். நடுவில் திறக்காதீர்கள். உருண்டை இரண்டு மடங்காக உப்பி வரும். ஒன்றை வெட்டிப் பாருங்கள். நடுவில் மஞ்சள் திட்டாக இருந்தால் இன்னும் பத்து நிமிடம். சூப்பிலேயே வேகவைத்தால் சூப் கலங்கிவிடும், அதனால்தான் தனித் தண்ணீர்.

கல் உருண்டைதான் எங்கள் பாட்டி கைமணம் என்று சண்டைக்கு வரும் குடும்பங்களும் உண்டு. விசாரித்துக்கொள்ளுங்கள். ஹசிதிகள் என்ற கறாரான யூதப் பிரிவினரில் பலர் மட்சாவை ஈரத்தில் போட்டதையே பண்டிகை நாட்களில் தொட மாட்டார்கள்.

லண்டனிலிருந்து: பிரிஸ்கெட் காய்ந்து நார் நாராகப் போகிறது. எவ்வளவு நேரம் வைப்பது?

அது மாட்டின் நெஞ்சுக்கறி. கடினமான தசை, அவசரப்படுத்தினால் பழிவாங்கும். பத்துப் பேருக்கு இரண்டரை கிலோ, மேல் கொழுப்போடு வாங்குங்கள். வெந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும். இரண்டு பக்கமும் சிவக்க வறுத்து எடுத்து, அதே பாத்திரத்தில் ஒரு கிலோ வெங்காயம் வதக்கி, பூண்டு, கேரட், நாலு தக்காளி, இரண்டு கோப்பை சிவப்பு ஒயின். கறியை மேலே வைத்து இறுக மூடி, ஓவனில் 160 டிகிரி செல்சியஸில் மூன்றரை மணி நேரம். முள்கரண்டி சிரமமில்லாமல் இறங்க வேண்டும்.

உண்மையான வேலை அதற்கப்புறம். குழம்போடு ஆறவிட்டு இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் மேலே உறைந்த கொழுப்பை வழித்துவிட்டு, கறியைக் குளிர்ந்திருக்கும்போதே, நாருக்குக் குறுக்காக வில்லை போடுங்கள். சூடாக வெட்டினால் பிய்ந்துவிடும், நார் ஓடும் திசையிலேயே வெட்டினால் வாயில் நூல் மாதிரி ஆகும். வில்லைகளைத் திரும்பக் குழம்பில் படுக்க வைத்து மூடி, குறைந்த சூட்டில் விட்டால் கதை எவ்வளவு நீண்டாலும் கெடாது. ஆஷ்கெனாசி வீடுகளில் அன்றிரவு தந்தூரி போலச் சுட்ட கறி வைக்காதீர்கள், பலர் செடரில் அதைத் தவிர்ப்பார்கள்.

ஹைஃபாவிலிருந்து: ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன் மேடம். பஸ்கா வாரத்தில் என் அறையில் நான் பிரெட் வைத்துக்கொள்ளலாமா? சமையல் எப்படி?

பாட்டியின் பிள்ளைகளிடம் நேராகக் கேட்டுவிடுங்கள், தயங்கவே வேண்டாம். கறாரான வீடென்றால் வீட்டுக்குள் ஒரு துணுக்குகூட இருக்கக் கூடாது. செடருக்கு முந்தின இரவு மெழுகுவர்த்தி வைத்துத் தேடி, மறுநாள் காலை எரிப்பார்கள். வெளியே சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வார்கள். லேசான வீடென்றால் உங்கள் அறையோடு போகும். அந்த வாரம் சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி அலமாரிகளைப் பிளாஸ்டிக் போட்டு மூடியிருப்பார்கள், முன்னாலேயே திட்டமிடுங்கள். உருளைக்கிழங்கு, முட்டை, மீன், காய், தேங்காய் எதற்கும் தடையில்லை. ஆனால் அந்த அடுப்படியில் உங்கள் மசாலாப் பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். அப்புறம், பண்டிகைக்கு முந்தைய சுத்தம் செய்யும் வேலை மலையளவு. உங்கள் நேரக் கணக்கையும் அதே பேச்சில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து: பெரிய வியாழன் அன்று எங்கள் சபையில் செடர் நடத்தலாமா என்று பேசுகிறோம். இயேசு சாப்பிட்டது இதே விருந்துதானே?

இன்று நாம் பார்க்கும் ஒழுங்கு, கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிந்த பிறகு ரபிகள் (யூத மத குருமார்) காலத்தில் உருவாகி வந்தது. ஆலயம் இருந்தவரை பலி ஆட்டுக்குட்டிதான் விருந்தின் நடு. மட்சா உருண்டையும் பிரிஸ்கெட்டும் ஐரோப்பா கொடுத்தவை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், தங்கள் சடங்கைச் சபைகள் எடுத்து நடத்துவது யூதர்கள் பலருக்கு வருத்தம். யாராவது வீட்டுக்கு அழைத்தால் போய் உட்காருங்கள், அதுதான் அழகு. அழைப்பு வந்தால் கேக், பிஸ்கட் எடுத்துப் போகாதீர்கள், பூவோ பழமோ போதும்.

நியூஜெர்சியிலிருந்து: சைவ விருந்தாளி இருவர், குழந்தைகள் நால்வர். ஒயின் எவ்வளவு வாங்குவது? குழந்தைகள் ஒன்பது மணி வரை தாங்குவார்களா?

சைவத்துக்கு எலும்புக்குப் பதில் சுட்ட பீட்ரூட் வைக்கலாம், தல்முத் என்ற பழைய யூதச் சட்ட விளக்க நூலிலேயே பீட்ரூட்டுக்கு இடம் உண்டு. கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் அடுக்கி ஓவனில் வைத்தால் அவர்களுக்கு முழுச் சாப்பாடு. அசைவ மேசையில் நெய், தயிர் வேண்டாம், கறியும் பாலும் சேராது.

ஒயின்: ஆளுக்கு நாலு கோப்பை, சின்னக் கோப்பை 90 மில்லி என்றால் பத்துப் பேருக்கு மூன்றரை லிட்டர் சொச்சம், ஐந்து பாட்டில். குழந்தைகளுக்குத் திராட்சைச் சாறு.

குழந்தைகளை மதியம் தூங்க வையுங்கள். கர்பாஸ் நேரத்தில் உருளைக்கிழங்கைத் தாராளமாகக் கொடுத்துவிடுங்கள், பெரியவர்களும் நன்றி சொல்வார்கள். ஹகடாவில் வரும் நாலு கேள்வியைக் கேட்பது கடைக்குட்டி, அதை முன்னாலேயே பாடிப் பழக்குங்கள். உடைத்த மட்சாவில் ஒரு பாதி அஃபிகோமன். அதை ஒளித்து வைத்து, கண்டுபிடித்தால் பரிசு. அது வராமல் விருந்து முடியாது என்பது குழந்தைகளுக்கு நன்றாகத் தெரியும், பேரம் பேசுவார்கள்.

தூத்துக்குடியிலிருந்து: இனிப்புக்கு எங்கள் ஊர் மக்ரூன் ஆகுமா?

வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. மாவும் இல்லை, பாலும் இல்லை. இதைவிடப் பொருத்தமானது கிடையாது. பேக்கரியில் வாங்காமல் வீட்டில் செய்யுங்கள். அமெரிக்க மேசைகளில் தேங்காய்த் துருவலில் செய்த மக்ரூன் டப்பாவில் வரும், உங்களுடையது அதை மண்ணைக் கவ்வ வைக்கும்.

மெல்பர்னிலிருந்து: தேதி எப்படிப் பார்ப்பது? மிஞ்சிய மட்சாவை என்ன செய்வது?

யூத நாட்காட்டியில் நிசான் மாதம் 15, எப்போதும் பௌர்ணமியை ஒட்டி. 2027இல் ஏப்ரல் 21 இரவு செடர். இஸ்ரேலுக்கு வெளியே பலர் மறுநாள் இரவும் நடத்துவார்கள், உங்கள் வீட்டில் ஒன்றா இரண்டா என்று கேளுங்கள், சமையல் அளவு அதைப் பொறுத்தது.

மிச்ச மட்சாவை உடைத்து வெந்நீரில் அரை நிமிடம் போட்டுப் பிழிந்து, ஆளுக்கு ஒரு முட்டை உடைத்துக் கலந்து, வதக்கிய வெங்காயத்தோடு வாணலியில் பிரட்டுங்கள். மறுநாள் காலை உணவு அதுதான். பச்சை மிளகாய்க்குத் தடை ஏதும் இல்லை.