சண்டை முடிந்த பிறகு என்ன பேசுவது? (கடிதம்)

வணக்கம்.

கதையை நடத்திச் செல்லும் டிஎம்மையும் சேர்த்து நாங்கள் ஐந்து பேர். சனிக்கிழமை இரவுகளில், ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி நடித்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். என் கேரக்டர் ஒரு ட்வார்ஃப் (மலைக்குள் வாழும் குள்ள இனம்) போர்வீரன். திருட்டுப் பழி சுமத்தி அவனைச் சொந்த மலையிலிருந்து துரத்திவிட்டார்கள். அவனுக்காக மூன்று பக்கம் முன்கதை எழுதினேன். மற்றவர்களும் அப்படித்தான். ஆனால் சண்டை முடிந்து புதையலைப் பங்கு போட்டதும் கேரக்டர்களுக்குள் பேச ஒன்றும் இருப்பதில்லை. எல்லோரும் டிஎம்மைப் பார்த்தே பேசுகிறோம். எங்களுக்கு நடிக்க வரவில்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நடிப்பை விடுங்கள். அந்த மூன்று பக்கங்களில் உங்கள் நண்பர்களின் கேரக்டர்கள் எத்தனை இடத்தில் வருகிறார்கள்? ஓரிடத்திலும் வரமாட்டார்கள் என்பது என் ஊகம். தனித்தனியாக வீட்டில் உட்கார்ந்து எழுதிய நான்கு சோகக் கதைகள் ஒரு விடுதியில் சந்தித்தால், வழி கேட்பதைத் தவிர என்ன பேசும்?

தவறு முழுக்க உங்களுடையது அல்ல. 1974இல் வந்த இந்த விளையாட்டு, பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்து பிறந்தது. பலம், கவசம், உயிர்ப்புள்ளி என்று கேரக்டரின் விவரங்களை எழுதும் ஷீட்டில் இருப்பதெல்லாம் எதிரியைப் பார்த்து நிற்கும். பக்கத்து நாற்காலியில் இருப்பவரைப் பற்றி எதுவும் இருக்காது. 2014இன் ஐந்தாம் பதிப்பு ‘பாண்ட்’ (பந்தம்) என்று ஒரு கட்டம் கொடுத்தது. அதிலும் பலர் தொலைந்த வாளையோ செத்துப்போன குருவையோ எழுதிவைக்கிறார்கள். செத்தவர் எப்படி பதில் பேசுவார்?

இதை நேராகக் கையாண்ட விளையாட்டுகள் உண்டு. 2009இல் வந்த ஃபியாஸ்கோவில் டிஎம்மே கிடையாது. அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் இருவருக்கும் நடுவில் ஓர் உறவை எழுதிய சீட்டை வைத்துவிட்டுத்தான் ஆட்டமே தொடங்கும். நீங்கள் யார் என்பதே அந்தச் சீட்டுகளிலிருந்துதான் தெரியவரும். டன்ஜன் வேர்ல்டில் கோடிட்ட இடத்தில் சக கேரக்டரின் பெயரை எழுத வேண்டும், ‘இன்னார் எனக்கு உயிர்க்கடன் பட்டவர்’ என்பதுபோல. அந்தப் பந்தம் தீர்ந்தால் ஒரு அனுபவப் புள்ளி.

எனக்கு மிகவும் பிடித்தது ராபின் லாஸ் உருவாக்கிய ஹில்ஃபோக். அதில் கேரக்டரை உருவாக்கும்போதே இன்னொரு கேரக்டரிடமிருந்து உங்களுக்கு மனதளவில் என்ன வேண்டும் என்று சொல்லவேண்டும். மன்னிப்பு, மரியாதை, பாசம், எதுவாகவும் இருக்கலாம். அது ஏன் கிடைக்காது என்பதை அந்தக் கேரக்டரை ஆடுபவர் சொல்வார். இந்த இரண்டாம் பாதிதான் விஷயம். உங்கள் ஆசைக்கான பூட்டை அடுத்தவர் செய்கிறார். நீங்களே இரண்டையும் எழுதினால் அது மறுபடியும் முன்கதைதான்.

பூட்டு திறக்கவும் வேண்டும். புதிதாக ஆடுகிறவர்கள் விறைப்பாக மறுத்துக்கொண்டே இருப்பதுதான் ‘கேரக்டர்’ என்று நினைப்பார்கள். இரண்டு செஷனில் அலுத்துவிடும். ஹில்ஃபோக் இதற்கும் வழி வைத்திருக்கிறது: கேட்டது கிடைத்தால் கொடுத்தவருக்கு டோக்கன், மறுக்கப்பட்டால் கேட்டவருக்கு. டோக்கன் இல்லாமலும் செய்யலாம், அவ்வப்போது இறங்கிவந்தால் போதும். அப்புறம், காதல், துரோகம் மாதிரி விஷயங்களை ஆட்டத்துக்கு வெளியே கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஆடுகிறவர்கள் நண்பர்கள், நாளைக்கும் முகம் பார்க்க வேண்டும்.

உங்கள் டிஎம்மிடம் ஒன்று சொல்லுங்கள். ஐந்தாம் பதிப்பில் கேரக்டர்கள் தூங்கித் தேறும் நீள் ஓய்வு எட்டு மணி நேரம், ஒருவர் இரண்டு மணி நேரம் வரை காவல் இருக்கலாம். அந்தக் காவலுக்கு இருவர் இருவராக அனுப்பட்டும். பூதம் எதையும் அனுப்பாமல், அவர் தேநீர் போடப் போய்விடட்டும். பார்த்துப் பேச டிஎம் இல்லாதபோது ஒருவரையொருவர் பார்த்துத்தான் ஆகவேண்டும். முதல் தடவை அசட்டுத்தனமாக இருக்கும். இருக்கட்டும்.

உங்கள் ட்வார்ஃபுக்கு வருகிறேன். திருட்டுப் பழி என்றால் யாரோ சாட்சி சொல்லியிருப்பார்கள். அது யார் என்று எழுதியிருந்தால் அழித்துவிடுங்கள். அடுத்த சனிக்கிழமை ஆட்டம் தொடங்கும் முன், “உங்களில் யார் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது?” என்று கேளுங்கள். யாராவது ஒருவர் கை தூக்குவார். ஏன் சொன்னார் என்பதை அவரே முடிவு செய்யட்டும். உடனே சொல்லமாட்டேன் என்றால், இன்னும் நல்லது.