ஆயிரம் டாலரில் எல்க் வேட்டை மூட்டை: எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது

கேள்வி: அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்து டென்வரில் இருக்கிறேன். ஹன்டர் எஜுகேஷன் வகுப்பு முடித்தாகிவிட்டது. அக்டோபர் ரைஃபிள் சீசனில் பெண் எல்க் (பெரிய மான் வகை) உரிமத்தோடு நானும் ஒரு நண்பரும் மலைக்குள் நாலு ராத்திரி தங்கப் போகிறோம். அவர் அனுப்பிய சாமான் பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் 4,000 டாலரைத் தாண்டுகிறது. துப்பாக்கி கைவசம் இருக்கிறது. மற்றதையெல்லாம் 1,000 டாலருக்குள் முடிக்க முடியுமா?

பதில்: முடியும். (ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு: 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் வேட்டை குற்றம். இது கொலராடோ உரிமம் வைத்திருப்பவருக்கான பதில்.)

பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்காதீர்கள். மிருகம் விழுந்த பிறகு என்ன நடக்கும் என்பதிலிருந்து தொடங்குங்கள். வளர்ந்த பெண் எல்க்கில் எலும்பு நீக்கினால் ஏறக்குறைய 55 முதல் 70 கிலோ கறி தேறும். கார் 6 கிலோமீட்டர் தள்ளி நிற்கும். ஆளுக்கு 30 கிலோ சுமந்து இறங்கி, கூடாரத்துக்காக மறுபடி ஏறி இறங்க வேண்டும். ஆகவே பணத்தில் பெரும்பங்கு முதுகுப்பைக்கும் பூட்ஸுக்கும் போக வேண்டும். அதற்கடுத்து ராத்திரித் தூக்கத்துக்கு. மீதி எல்லாவற்றிலும் தாராளமாகக் கஞ்சத்தனம் பண்ணலாம்.

பைக்கு 350 டாலர் ஒதுக்குங்கள். சாதாரண டிரெக்கிங் பை 15, 18 கிலோவுக்குத் தைத்தது. அதில் 30 கிலோ ஏற்றினால் சட்டகம் வளையும், இடுப்புப் பட்டை நழுவும், பாரம் முழுக்கத் தோளில் இறங்கும். இரண்டாவது கிலோமீட்டரில் கை மரத்துப்போகும். சட்டகத்துக்கும் பைக்கும் நடுவே கறியை வைத்து இறுக்கிக் கட்டும் வசதி உள்ள வேட்டைப் பைதான் வேண்டும். கனம் முதுகோடு ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உட்கார வேண்டும். கீழே தொங்கினால் பின்னால் இழுக்கும். புதிதாக வாங்குவதானால் ஆல்ப்ஸ் அவுட்டோர்ஸ் கமாண்டர் போன்ற வெளிச்சட்டகப் பைகள் மலிவு. காலியாகவே 3 கிலோவுக்கு மேல் இருக்கும், ஆனால் சுமக்கும். பழையதாக வாங்கினால் துணியில் உள்ள கறையைப் பார்க்காதீர்கள். தோள்வாரின் கீழ்முனைத் தையல், இடுப்புப் பட்டையின் ஃபோம் அமுங்கிப்போயிருக்கிறதா என்பது, பக்கிள்கள், இந்த மூன்றும் போதும். அளவு முக்கியம்: குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள்.

சோதனைக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். இந்தியன் ஸ்டோரில் கிடைக்கும் 20 பவுண்டு சோனா மசூரி மூட்டை 9 கிலோ. மூன்றைக் கட்டினால் 27. அதோடு ஏற்றமுள்ள பாதையில் ஒரு மணி நேரம் நடங்கள். இடுப்புப் பட்டையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இறுக்க வேண்டியிருந்தால் அந்தப் பை உங்களுக்கானது இல்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அரிசி வீட்டுச் சமையலுக்கு ஆகும்.

பூட்ஸுக்கு 150. இதைப் பழையதாக வாங்கக் கூடாது. இன்னொருவர் பாதத்துக்குப் படிந்த தோல் உங்கள் குதிகாலை உரிக்கும். போன வருட மாடல்களைக் கழிவு விலையில் தேடுங்கள், மாலையில் கால் வீங்கியிருக்கும் நேரத்தில், தடித்த சாக்ஸோடு போட்டுப் பாருங்கள்.

3,000 மீட்டர் உயரத்தில் அக்டோபர் இரவு மைனஸ் 10 டிகிரி செல்சியஸைத் தொடலாம். ஸ்லீப்பிங் பேக் லேபிளில் ‘கம்ஃபர்ட்’, ‘லிமிட்’ என்று இரண்டு எண் இருக்கும். கடைக்காரர் பெரிய எழுத்தில் போடுவது பெரும்பாலும் லிமிட். கம்ஃபர்ட் அதைவிட ஐந்தாறு டிகிரி சூடான பக்கம். கம்ஃபர்ட் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பழைய டவுன் பேக் (மென்மையான பறவை இறகு அடைத்தது) 150 டாலருக்குள் கிடைக்கும். வாங்குமுன் ஒரு மணி நேரம் விரித்துப் போட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இறகு இல்லாமல் வெறும் துணி தெரியும் அறைகள் நிறைய இருந்தால் விட்டுவிடுங்கள். இறகு கட்டிதட்டி, அமுங்கிப்போயிருந்தால் பயமில்லை, பேரம் பேசலாம். டவுனுக்கென்று உள்ள சோப்பில், முன்பக்கம் திறக்கும் மெஷினில் துவைத்து, டிரையரில் குறைந்த சூட்டில் இரண்டு மூன்று டென்னிஸ் பந்தோடு போடுங்கள். பல மணி நேரம் ஆகும். கட்டி கரையுமுன் எடுத்துவிட்டால் துவைத்ததே வீண்.

ஆனால் குளிர் அதிகம் ஏறுவது தரையிலிருந்து. பாயின் ஆர்-வேல்யூ (குளிரைத் தடுக்கும் திறனின் அளவு) 4க்கு மேல் வேண்டும். அந்த அளவுக்கு ஒரே பாயாக வாங்கினால் கையைக் கடிக்கும். கைவசம் உள்ள கோடைக்காலக் காற்றுப் பாய்க்கு (2 அல்லது 3) அடியில், மடக்கும் ஃபோம் பாய் (ஏறக்குறைய 2) போட்டால் எண்கள் அப்படியே கூடும். காற்றுப் பாய் ஓட்டையானாலும் ஃபோம் காப்பாற்றும். கூடாரத்துக்குப் பதில் 3-க்கு-3 மீட்டர் சில்நைலான் (சிலிக்கோன் பூசிய நைலான்) தார்ப்பாய், அதைத் தூக்கி நிறுத்த நடைக்கோல்கள், அடியில் விரிக்க டைவெக் என்ற நீர்புகாத் துணி. நண்பரிடம் கூடாரம் இருந்தால் இந்தச் செலவும் இல்லை.

உடையில்தான் கடைகள் உங்களை உரிக்கும். கேமோ (காட்டோடு கலந்து மறையும் வண்ண உடை) தேவையே இல்லை. எல்க் சிவப்பு, ஆரஞ்சைப் பிரித்தறியாது. நீலம் நன்றாகத் தெரியும். எனவே ஜீன்ஸ் வேண்டாம், பளிச்சிட வைக்கும் டிடர்ஜென்டும் வேண்டாம். மற்றபடி பழைய துணி விற்கும் த்ரிஃப்ட் கடையில் பழுப்பு, சாம்பல் நிறத்தில் ஃப்ளீஸ், கம்பளி, பாலியெஸ்டர் எதுவானாலும் சரி. பருத்தி மட்டும் கூடாது: வியர்வையில் நனைந்தால் மலையில் காயாது. எப்படியும் கொலராடோ ரைஃபிள் சீசனில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் ஃப்ளோரசன்ட் ஆரஞ்சு அல்லது பிங்க், தலையிலும் அதே நிறம், சட்டப்படி கட்டாயம். பலரும் தவறவிடுவது: பையை மாட்டியதும் ஆரஞ்சு வெஸ்ட்டின் முதுகுப்பக்கம் மறைந்துவிடும். கறி சுமந்து வரும்போது பைமேல் ஓர் ஆரஞ்சுத் துணியைக் கட்டுங்கள். பத்து டாலர் கூட ஆகாது.

கத்தி: மோரா கம்பேனியன் ஒன்றும் சின்ன சாணையும் போதும். பிளேடு மாற்றும் கத்திகள் மூட்டில் திருகினால் முறியும், முறிந்த துண்டு கறிக்குள் போய்விடும். கறிப்பைகளுக்கு, பழைய பருத்தித் தலையணை உறைகளே நல்லது. மலிவாக விற்கும் வலைத்துணிப் பைகள் கிழியும், ஈயும் முட்டை வைக்கும். உறைக்கு 10, 12 கிலோ மட்டும் போட்டு நிழலில், காற்றுப்படத் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பை கூடவே கூடாது, சூட்டை உள்ளே பிடித்துக் கறியைப் புளிக்க வைக்கும். எல்க்கின் தோல் தடிப்பு. வெளியே உறைபனி இருந்தாலும் இடுப்பு மூட்டைச் சுற்றிச் சூடு நிற்கும், கெடுவது அங்கேதான் ஆரம்பிக்கும். விழுந்தவுடன் தோலை உரித்துவிடுங்கள். பெண் மிருகம் என்பதற்கான அடையாளத்தைக் கறியோடு இயல்பாக ஒட்டியபடியே விட வேண்டும் என்பதும் சட்டம்.

சாப்பாட்டுக்கு ஃப்ரீஸ்-ட்ரை (உறையவைத்து உலர்த்திய உணவு) பாக்கெட் வாங்கினால் ஒரு வேளைக்குப் பத்து டாலர் போகும். நாலு நாளுக்கு அது வீண் செலவு. 3,000 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதிக்கும், அரிசியும் பருப்பும் வேகாமல் கேஸைத் தின்னும். வறுத்த ரவை உப்புமா மிக்ஸ், அவல், பருப்புப் பொடி, நெய், கடலைமிட்டாய் எல்லாம் வெந்நீரோடும் வெறும் வாயோடும் முடிகிறவை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 700, 800 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்பு 20 டாலர் கேஸ் அடுப்பே போதும். டப்பாவில் ஆல்கஹால் அடுப்பு செய்யும் யோசனை வேண்டாம்: காட்டுத்தீ தடை அமலில் இருந்தால், அணைக்கும் வால்வு இல்லாத அடுப்பு பெரும்பாலும் அனுமதியில்லை. காலையில் கேஸ் மந்தமாக எரிந்தால், அடுத்த ராத்திரி கேனிஸ்டரை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஃபில்டரும் கூடவே படுக்கட்டும். ஒருமுறை உறைந்தால் உள்ளே உள்ள நுண்குழல்களில் விரிசல் விழும். வெளியே எந்த மாற்றமும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல வரும், வயிற்றுப்போக்கு தரும் ஜியார்டியா கிருமியும் சேர்ந்து வரும். உறைந்ததோ என்று சந்தேகம் வந்தால் அதைத் தூக்கிப்போட்டுவிட்டுக் கொதிக்க வையுங்கள். அந்த 40 டாலரில் மட்டும் மிச்சம் பார்க்க வேண்டாம்.