பங்கில் தகவல் தொடர்பு: பீடத்திலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து பீடத்துக்கும்

கேள்வி: கத்தோலிக்கப் பங்குகளில் (ஒரு கோவிலையும் ஒரு குருவையும் சார்ந்த சமூகங்களில்) ஞாயிறு அறிவிப்பும் வாட்ஸ்அப் குழுவும் இருக்கின்றனவே, அதற்கு மேல் தகவல் தொடர்புக்கு என்ன வேலை இருக்கிறது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏறக்குறைய 400 குடும்பங்கள் உள்ள ஒரு பங்கில் ஆறு ஆண்டுகள் பங்குப் பேரவைச் செயலராக இருந்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். அந்த ஆண்டுகளில் பெரும்பாலான ஞாயிறுகளில், நன்மை (நற்கருணை) வழங்கி முடிந்ததும் ஒலிவாங்கியின் முன் நின்று அறிவிப்பு வாசித்தவன் நான். வாரத் திருப்பலிக் கருத்துகள், மறைக்கல்வி வகுப்புகள், கொடியேற்ற நாள், குடும்பங்கள் பங்குக்குக் கட்டும் வரியின் பாக்கி எல்லாம் அதில் அடங்கும். இவற்றைத் தெளிவாக வாசித்துவிட்டால் பங்கின் தகவல் தொடர்பு நிறைவேறிவிட்டது என்றுதான் அப்போது நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை தவறு என்பதை ஒரு சாவு வீட்டில் தெரிந்துகொண்டேன்.

மகளோடு வாழ்ந்துவந்த ஒரு மூதாட்டி இறந்துபோனார். துக்க மணி அடித்த பிறகு பங்குத்தந்தையோடு நானும் அந்த வீட்டுக்குப் போனேன். அவர் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஏழு மாதங்களாகப் படுக்கையிலேயே இருந்தார் என்பது அங்கே போன பிறகுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் பட்டியலில் அவர் பெயர் இல்லை. நோயுற்றோருக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் என்ற அருளடையாளமும் அவருக்குக் கிடைக்கவில்லை. “அம்மா கோயிலுக்கு வரலேன்னு ஒருத்தருக்கும் தெரியலையா, அண்ணே?” என்று மகள் கேட்டார். அந்த ஏழு மாதங்களிலும் எல்லா ஞாயிறும் நான் அறிவிப்பு வாசித்திருக்கிறேன். ஒருமுறைகூட அந்த வீட்டிலிருந்து ஒரு செய்தி கோவிலுக்கு வந்து சேரவில்லை, வருவதற்கான வழியையும் நாங்கள் வைத்திருக்கவில்லை. அந்தத் தெருவின் அன்பியக் கூட்டம் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் செபிக்கவும் பகிரவும் கூடும் சிறு குழு) ஓராண்டுக்கு முன்பே நின்றுபோயிருந்தது. ‘எல்லாரும்தான் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்களே’ என்று சொல்லித்தான் அதை நிறுத்தினோம். அந்த வீட்டில் இருந்ததோ பொத்தான் வைத்த சாதாரணக் கைப்பேசி.

ஆகவே என் பதில் இதுதான்: ஒரு பங்கின் தகவல் தொடர்பை, வீடுகளிலிருந்து பங்குத்தந்தையின் காதுக்கு என்ன வந்து சேர்கிறது என்பதை வைத்தே அளக்க வேண்டும். பீடத்திலிருந்து வெளியே போகும் செய்திக்கு மணியும் ஒலிபெருக்கியும் கைப்பேசியும் எப்போதும் இருக்கின்றன. திரும்பி வரும் செய்திக்கு மனிதர்கள் நடந்தாக வேண்டும்.

இது நம் மண்ணுக்குப் புதிதன்று. 1542இல் முத்துக்குளித்துறைக்கு (தூத்துக்குடி வட்டாரக் கடற்கரைக்கு) வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், போர்த்துகீசியமும் தமிழும் ஓரளவு தெரிந்தவர்களின் துணையோடு மன்றாட்டுகளைத் தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று மக்களைத் திரட்டினார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவர் தம் கடிதங்களில் சொல்லும் மற்றொன்றை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. நோயாளிகளின் வீடுகளிலிருந்து அழைப்புகள் பெருகி, தம்மால் எல்லா இடத்துக்கும் போக முடியாமல் போனபோது, மன்றாட்டுகளைக் கற்றிருந்த சிறுவர்களை அவர் அந்த வீடுகளுக்கு அனுப்பினார். சிறுவர்கள் போய் நோயாளியின் அருகில் நின்று செபித்தார்கள், வீட்டாருக்கும் அண்டை வீட்டாருக்கும் அந்தச் செபங்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஊரின் துன்பம் சவேரியாரைத் தேடி வந்ததும், அவருடைய சொல் அந்த வீடுகளுக்குப் போனதும் ஒரே தெருக்கள் வழியாகத்தான். அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்களே கொண்ட சிறு நூல். தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் என்று அதைக் கொண்டாடுகிறோம். அந்தப் பெருமைக்கு அடியில் இருப்பது, மக்கள் பேசும் மொழியை உட்கார்ந்து கேட்டுக் கற்ற ஒரு குருவின் பல ஆண்டு உழைப்பு.

திருச்சபையின் ஏடுகளும் இதைத்தான் சொல்கின்றன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று இரண்டு ஏடுகளை ஒன்றாக வெளியிட்டது: ஒன்று திருவழிபாடு பற்றியது, மற்றொன்று சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றியது. முதலாவது, மக்கள் தங்கள் தாய்மொழியில் திருப்பலியில் பங்கேற்க வழி திறந்தது. இரண்டாவதன் விளைவாக 1967 முதல் உலகச் சமூகத் தொடர்பு நாள் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் பெரும்பாலும் செய்தித்தாள், திரைப்படம், இணையம் பற்றியே மறையுரை கேட்கிறோம். ஆனால் 1971இல் வந்த மேய்ப்புப்பணி அறிவுரையான ‘கொம்யூனியோ எத் ப்ரோக்ரேசியோ’, திருச்சபைக்குள்ளேயே கருத்துகள் தடையின்றிப் பரிமாறப்பட வேண்டும், பொதுக்கருத்துக்கு இடம் வேண்டும் என்று தெளிவாகப் பேசுகிறது. அந்தப் பகுதியை நான் எந்த மறையுரையிலும் கேட்டதில்லை.

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் பேரவையில் இருக்கும் எல்லாரும் தெரிந்திருக்க வேண்டிய சில விதிகள் இருக்கின்றன. திருச்சபையின் நன்மை சார்ந்த காரியங்களில் தம் கருத்தை மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்க இறைமக்களுக்கு உரிமை உண்டு, சில வேளைகளில் அது கடமையும் ஆகும் என்று 212ஆம் விதி சொல்கிறது. பங்குப் பேரவை ஆலோசனை சொல்லும் அமைப்பு மட்டுமே (விதி 536). அதன் தீர்மானம் பங்குத்தந்தையைக் கட்டுப்படுத்தாது. பலர் இதைக் குறையாகப் பார்க்கிறார்கள். வாக்கெடுப்பு முடிவைத் திணிக்க முடியாத இடத்தில் கேட்பதற்கும் கேட்கப்படுவதற்கும் மதிப்பு கூடுகிறது என்பது என் கருத்து. அந்தக் கேட்டல் இல்லாவிட்டால் பேரவை வெறும் கையெழுத்துப் பட்டியலாகிவிடும் என்பதையும் கண்டிருக்கிறேன். நிதிக்குழுவோ எல்லாப் பங்கிலும் கட்டாயம் இருக்க வேண்டும் (விதி 537). மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்பதும் சட்டமே (விதி 1287). நான் அறிந்த ஒரு பங்கில் இரண்டு ஆண்டுகள் திருவிழாக் கணக்கு வாசிக்கப்படவில்லை. பணம் எங்கும் போய்விடவில்லை. ரசீதுகளைத் தொகுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆயினும் அந்த மௌனம் டீக்கடையில் பேச்சாக வளர்ந்தது, குடும்பங்கள் வரி கட்டுவதைத் தள்ளிப்போட்டன, நேர்மையான ஒரு பொருளாளர் மனமுடைந்து விலகினார். கோவில் வாசலில் நான்கு பக்கக் கணக்கை ஒட்டிய பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது.

நம் பங்குகளில் மிகப் பழமையானதும் மிகச் சிறந்ததுமான தகவல் தொடர்பு எது என்று என்னைக் கேட்டால், மன்றல் ஓலை என்பேன். 1215இன் நான்காம் லாத்தரன் சங்கம் திருமண அறிவிப்பைத் திருச்சபை முழுவதற்கும் பொதுவாக்கியது. மூன்று முறை வாசிக்கும் முறையைத் திரிதெந்து சங்கம் 1563இல் உறுதிசெய்தது. ‘முதல் ஓலை போட்டாச்சா?’ என்று இன்றும் எங்கள் ஊரில் கேட்கிறோம். இந்த அறிவிப்பு மற்ற எல்லா அறிவிப்புகளிலிருந்தும் மாறுபட்டது. இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் என்று சொல்லிவிட்டு, தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று முடிகிறது. அதாவது பீடத்திலிருந்து ஒரு செய்தி போகிறது, மூன்று வாரம் கோவில் பதிலுக்குக் காத்திருக்கிறது. குருவுக்கு எல்லாம் தெரியாது, ஊருக்குத் தெரியும் என்பதை ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது. பெயருக்கு வாசிக்கும் சடங்காக அதை நாம் சுருக்கிவிட்டோம். மற்ற அறிவிப்புகளுக்கும் இதே போல ஒரு திரும்பும் வழி இருக்கக் கூடாதா என்று அந்தச் சாவு வீட்டிலிருந்து திரும்பிய இரவில்தான் யோசித்தேன்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் எங்கள் கடற்கரையைத் தாக்கியது. ஆழ்கடலில் பல நாட்கள் தங்கித் தொழில் செய்யும் தூத்தூர் வட்டார மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையிலிருந்து அவ்வளவு தொலைவில் கைப்பேசி அலை எட்டாது. (அந்த வட்டாரப் பங்குகள் குமரி மாவட்டத்தில் இருந்தாலும் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை.) மேலிருந்து கீழே வரும் தகவல் அங்கே முழுவதுமாகத் தோற்றது. அதன் பிறகு நடந்ததைத்தான் நான் மறக்க முடியாமல் வைத்திருக்கிறேன். காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசு சொன்ன எண்ணிக்கைக்கும் கடற்கரைப் பங்குகள் தொகுத்த எண்ணிக்கைக்கும் முதல் நாட்களில் பெரிய வேறுபாடு இருந்தது. யார் எந்தப் படகில், யாரோடு, எந்த நாளில் போனார் என்று வீடு வீடாகக் கேட்டுப் பட்டியல் எழுத முடிந்தது பங்குகளால்தான். அந்த வீடுகளை அறிந்தவர்கள், பெயர் சொல்லிக் கதவைத் தட்டக்கூடியவர்கள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். புயலுக்குப் பிறகு ஒரே நாளில் அப்படிப்பட்ட தொடர்பை யாராலும் உண்டாக்கியிருக்க முடியாது.

வாட்ஸ்அப்பை நான் குறைத்துப் பேசவில்லை. இரத்தம் தேவை என்ற செய்திக்கு அரை மணி நேரத்தில் ஆள் கிடைத்ததுண்டு. வளைகுடாவில் வேலை செய்யும் பிள்ளைகள் தாயின் அடக்கத் திருப்பலியை நேரலையில் கண்டு அழுததும் உண்டு. 2020 ஊரடங்கில் பூட்டிய கோவிலுக்கும் வீடுகளுக்கும் இடையே அந்த ஒரு வழிதான் இருந்தது. இருந்தாலும் எங்கள் குழுவில் நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்ப முடியும்படி வைத்திருந்தோம். வேண்டாத செய்திகள் குவிவதால் அப்படிச் செய்ய வேண்டியிருந்தது. அதோடு அதுவும் இன்னொரு ஒலிபெருக்கியாகிவிட்டது. குழுவைத் திறந்துவிடுவதும் தீர்வாகாது. ஒரு வீட்டின் நோயையும் கடனையும் மனத்தாங்கலையும் 400 பேர் பார்க்கும் இடத்தில் எழுதக் கூடாது. ஒருமுறை ஒரு பெண்ணின் நோயின் பெயரையே செபக் கருத்தாகக் குழுவில் போட்டுவிட்டார்கள். அவர் அதன் பிறகு பல மாதங்கள் கோவிலுக்கு வரவில்லை. பெயரும் நோயும் பங்குத்தந்தைக்குத் தெரிந்தால் போதும், ஊருக்கு ‘நோயுற்ற ஒரு சகோதரிக்காக’ என்பது போதும்.

மறையுரையைப் பற்றியும் ஒரு சொல். மறையுரையாளர் இறைவார்த்தைக்குச் செவிகொடுப்பதோடு மக்களுக்கும் செவிகொடுக்க வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் எழுதிய ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’யில் வலியுறுத்தினார், மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்றும் 2024இல் சொன்னார். நீளத்தைப் பற்றிய அறிவுரையை எல்லாரும் மகிழ்ச்சியோடு மேற்கோள் காட்டுகிறார்கள். முந்தைய அறிவுரையே எனக்கு அதிகம் வேண்டியது. அந்த வாரம் தெருவில் என்ன நடந்தது என்பது தெரிந்த குருவின் ஐந்து நிமிடம் நெஞ்சில் நிற்கும்.

சாவு வீட்டுக்குப் பிறகு நாங்கள் செய்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. நின்றுபோன அன்பியங்களை மீண்டும் கூட்டினோம். இறைவார்த்தைப் பகிர்வுக்கு முன்னால், வராதவர்கள் யார், ஏன் வரவில்லை என்று பேசப் பதினைந்து நிமிடம் ஒதுக்கினோம். ஒவ்வோர் அன்பியத்துக்கும் ஒரு சிறிய நோட்டு கொடுத்தோம். ஞாயிறு அறிவிப்பை நான்கு நிமிடத்துக்குள் சுருக்கி, அதன் இறுதியில் ‘உங்கள் தெருவில் படுக்கையில் இருப்போர், தனித்திருப்போர் பற்றி அன்பியப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்’ என்று ஓலையைப் போல ஒரு வரி சேர்த்தோம். முதல் மூன்று மாதங்கள் நோட்டுகள் காலியாகவே திரும்பி வந்தன. சொன்னால் என்ன ஆகும் என்று மக்களுக்குத் தெரியாது. இதற்கு முன் சொன்னவர்களுக்கு ஒன்றும் ஆனதில்லை. பங்குத்தந்தை ஒரு மாலை முழுவதும் ஒரே தெருவில் வீடு வீடாகப் போனார். அடுத்த வாரம் அந்தத் தெருவின் நோட்டில் நான்கு பெயர்கள் இருந்தன. பிறகு மற்றத் தெருக்களும் எழுதத் தொடங்கின.

இப்போது செயலர் பொறுப்பில் வேறொருவர் இருக்கிறார். சனிக்கிழமை மாலைதோறும் நோட்டுகள் பங்கு இல்லத்துக்குப் போகின்றன. முதல் வெள்ளியன்று நற்கருணையோடு புறப்படும் பங்குத்தந்தை, காலையில் முடித்துவந்த சுற்றை இப்போது மாலையிலும் தொடர வேண்டியிருக்கிறது.