பனிக்குகைக்கு அம்மாவையும் அழைத்துப் போகலாமா?

கேள்வி: நாங்கள் லண்டன் ஈஸ்ட்ஹாமில் வசிக்கிறோம். வரும் பிப்ரவரிப் பள்ளி விடுமுறையில் ஐஸ்லாந்துக்குப் போய், பனியாற்றுக்குள் இருக்கும் நீல நிறக் குகையைப் பார்க்க வேண்டும் என்பது என் 12 வயது மகனின் நெடுநாள் ஆசை. அப்போது திருச்சியிலிருந்து என் அம்மாவும் வந்திருப்பார். அவருக்கு 66 வயது, முழங்கால் வலி உண்டு. 2024இல் அங்கே பனி சரிந்து ஒருவர் இறந்த செய்தியைப் படித்ததிலிருந்து எனக்குத் தயக்கமாக இருக்கிறது. என் கணவரோ, "இடத்தை யூடியூபிலேயே காட்டியிருக்கிறார்கள்; நாலு பேருக்கும் வழிகாட்டிக்குப் பணம் கட்டுவானேன், நாமே போய்விடலாம்" என்கிறார். நாங்கள் போகலாமா? அம்மாவை என்ன செய்வது?
– ஒரு வாசகி, லண்டன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

போகலாம். குளிர்காலத்தில், அனுமதி பெற்ற வழிகாட்டியுடன் தாராளமாகப் போகலாம். உங்கள் கணவரின் யோசனை மட்டும் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதை அவரே படித்துப் பார்க்கும்படி சற்று விரிவாக எழுதுகிறேன்.

நீங்கள் படங்களில் பார்த்த குகைகளில் பெரும்பாலானவை ஐஸ்லாந்தின் தென்கிழக்கில், வாட்னயோகுல் என்னும் பெரும் பனிப்பரப்பின் ஓரங்களில் இருக்கின்றன. அந்நாட்டு நிலத்தில் ஏறக்குறைய 8 விழுக்காட்டை மூடிக் கிடக்கும் அந்தப் பனியிலிருந்து பல பனியாறுகள் நாக்குகளைப்போலக் கீழே இறங்குகின்றன. கோடையில் இவற்றின் மேற்பரப்பு உருகும்போது, அந்த நீர் பிளவுகளின் வழியாகவும் கிணறுபோன்ற செங்குத்துத் துளைகளின் வழியாகவும் உள்ளே இறங்கி, பனிக்கடியில் தனக்கென்று ஒரு பாதையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. இலையுதிர் காலத்தில் உருகுவது குறைந்து நீர் வடிந்த பிறகு, ஓடிய வழி வெறுமையாக மிஞ்சுகிறது. அந்த வெற்றுப் பாதையைத்தான் நாம் குகை என்கிறோம். கோடையில் வெள்ளம் ஓடும் வாய்க்கால் அது; பனி இறுகி, நீர் வற்றியிருக்கும் நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில்தான் மனிதர்கள் நடப்பதற்கு ஓரளவு தகுதி பெறுகிறது. பனியாறு தன் எடையாலேயே மெல்ல நகர்ந்துகொண்டும் இருக்கிறது. ஆகவே, சென்ற ஆண்டு இருந்த குகை இந்த ஆண்டு குறுகியிருக்கலாம், இடிந்திருக்கலாம், அடையாளமே இல்லாமலும் போயிருக்கலாம். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் வழிகாட்டிகள் பனியின் மேல் நடந்து நடந்து புதிய குகைகளைத் தேடுவதும், கிடைத்தவற்றைத் திரும்பத் திரும்பச் சென்று சோதிப்பதும் அதனால்தான். உங்கள் கணவர் யூடியூபில் குறித்துவைத்திருக்கும் இடத்தில், நீங்கள் போகும் நாளில், ஓர் இடிபாட்டுக் குவியலோ, மெல்லிய பனி மூடிய பிளவோ இருக்கக்கூடும். வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் வழி காட்டுவதற்கு மட்டுமானதன்று; "இன்று உள்ளே போக வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்த ஒருவரின் அனுபவத்துக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம்.

நீங்கள் குறிப்பிடும் விபத்து 2024 ஆகஸ்ட் 25 அன்று, வாட்னயோகுலின் ஒரு கிளையான பிரேதாமெர்குர்யோகுல் பனியாற்றில் நடந்தது. வழிகாட்டியுடன் சென்ற 23 பேர் கொண்ட குழுவின் மேல் பனிச்சுவர் சரிந்ததில் ஓர் அமெரிக்கர் இறந்தார்; ஒரு பெண் காயமடைந்தார். மேலும் இருவர் புதைந்திருப்பதாக எண்ணி, மீட்புக் குழுவினர் மறுநாள் வரை கையாலேயே பனியை வெட்டித் தேடினார்கள். அப்படி யாருமில்லை, பெயர்ப் பட்டியலில்தான் பிழை என்பது பிறகே தெரிந்தது. இதில் கவனிக்க வேண்டியது மாதம். ஆகஸ்டு என்பது பனி உருகிக்கொண்டிருக்கும் காலம். வழிகாட்டி உடன் இருந்தும் அந்த உயிர் போயிற்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. குளிர்காலத்தில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. தொடர்ந்து மழை பெய்து வெப்பம் ஏறும் வாரங்கள் பிப்ரவரியிலும் வருவதுண்டு, அப்போது குகைக்குள் நீர் புகும். அத்தகைய நாளில் பயணத்தை ரத்து செய்யும் நிறுவனத்தைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

எனவே, பதிவு செய்வதற்கு முன் மின்னஞ்சலில் சில கேள்விகளைக் கேளுங்கள். வாட்னயோகுல் தேசியப் பூங்காவுக்குள் குழுக்களை அழைத்துச் செல்ல ஒப்பந்தம் இருக்கிறதா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? வானிலையால் ரத்தானால் பணம் திரும்புமா, மறுநாளுக்கு மாற்றித் தருவார்களா? குழந்தைகளுக்குக் குறைந்தபட்ச வயது என்ன? (உங்கள் மகனுக்குப் பெரும்பாலும் சிக்கல் வராது.) இவற்றுக்கு நேராகப் பதில் தராமல், "உறுதியாக நீலக் குகை" என்று மட்டும் சொல்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. அங்கே எதையும் உறுதியாகச் சொல்லக்கூடியவர் யாருமில்லை. நான் சென்றபோது முதல் நாள் இரவு முழுதும் மழை கொட்டியது. காலை எட்டரைக்குத் தொலைபேசியில் ரத்து என்று சொல்லிவிட்டார்கள். அன்றைய பகலை விடுதியின் சன்னலோரத்தில் கழித்தேன். கையில் இன்னொரு நாள் இருந்ததால்தான் குகையைப் பார்க்க முடிந்தது. உங்கள் திட்டத்திலும் அப்பகுதியில் இரண்டு இரவுகளாவது இருக்கட்டும்.

சொல்லப்போனால், குகையைவிட அதற்குப் போகும் சாலையைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். பெரும்பாலான குழுக்கள் புறப்படும் யோகுல்சார்லோன் ஏரி, ரெய்க்யவிக் நகரிலிருந்து ஏறக்குறைய 375 கிலோமீட்டர். கோடையில் ஐந்து மணி நேரத்தில் முடியும் பயணம், உறைபனியும் பக்கவாட்டுக் காற்றும் சேர்ந்தால் எவ்வளவு நீளும் என்று கணக்கிட முடியாது. டிசம்பர் கடைசியில் அங்கே பகல் வெளிச்சம் 4, 5 மணி நேரம்தான். நீங்கள் போகும் பிப்ரவரி நடுவில் 9 மணி நேர அளவுக்கு நீண்டுவிடும் என்பது உங்களுக்குச் சாதகம். ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள். வழியில் வீக் என்ற சிற்றூரில் ஓர் இரவு தங்குங்கள். காரிலிருந்து இறங்கும்போது கதவை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு திறக்க வேண்டும். காற்று கதவைப் பிடுங்கி மடக்கிவிடும் என்பது அங்கே வேடிக்கைப் பேச்சன்று. வழியிலேயே வரும் ஸ்காஃப்டாஃபெல் என்ற இடத்துக்கு அருகே சாலையோரத்தில் முறுக்கிக் கிடக்கும் இரும்பு உத்தரங்களை உங்கள் மகனுக்குக் காட்டுங்கள். 1996இல் பனிக்கடியில் எரிமலை வெடித்து, உருகிய நீர் பெருவெள்ளமாகப் பாய்ந்தபோது அடித்துச் செல்லப்பட்ட பாலத்தின் மிச்சம் அது. குகையை அறுக்கும் நீருக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது.

உடைகளைப் பொறுத்தவரை, உடலை ஒட்டிக் கம்பளி, அதன்மேல் இன்னொரு கம்பளி, வெளியே நீரும் காற்றும் புகாத மேலங்கி என்று அடுக்கிக்கொள்ளுங்கள். ஜீன்ஸ் கூடாது, நனைந்த பருத்தி உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். கணுக்கால் வரை மூடிய, அடிப்பாகம் கெட்டியான காலணி இருந்தால்தான், பனியில் வழுக்காமல் நடக்க வழிகாட்டிகள் தரும் இரும்பு முட்பட்டை அதில் சரியாகப் பொருந்தும். ஹெல்மெட்டும் தலைவிளக்கும் பொதுவாக அவர்களே தந்துவிடுவார்கள்.

பெரிய சக்கரங்கள் பூட்டிய ஜீப் ஒன்று கரடுமுரடான தடத்தில் உங்களைக் குலுக்கிக்கொண்டு போய் இறக்கிவிடும். அங்கிருந்து கற்களும் பனியும் கலந்த மேட்டில் நடக்க வேண்டும். எவ்வளவு தூரம் என்பது அந்த ஆண்டுக் குகையைப் பொறுத்தது. உள்ளே நுழைந்ததும் காற்றின் ஓசை அடங்கிவிடும். குளிர் உறைநிலையை ஒட்டி இருக்குமே தவிர, வெளியே இருப்பதுபோல் அறையாது. சுவர்கள் முழுதும் சிறு சிறு குழிவுகள், கன்னார் சுத்தியலால் தட்டியெடுத்த பித்தளை அண்டாவின் உட்புறம்போல. பல நூற்றாண்டுப் பனி ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்தி, இடையிலிருந்த காற்றுக் குமிழ்கள் நசுங்கிப்போனதால், வெளிச்சம் அதற்குள் நெடுந்தூரம் ஊடுருவுகிறது. ஒளியின் சிவப்புப் பகுதியைப் பனி விழுங்கிக்கொள்ள, நீலம் மட்டும் நம்மிடம் வந்து சேர்கிறது. ஊடே ஓடும் கருங்கோடுகள் பழைய எரிமலை வெடிப்புகளின் சாம்பல். படங்களில் தெரியும் அளவுக்கு நீலம் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். மேலே புதுப்பனி மூடியிருந்தாலோ, வானம் இருண்டிருந்தாலோ குகை சாம்பல் நிறமாகவே இருக்கும். இதை மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாயிலருகே நின்று படம் எடுக்கும் ஆசையை வழிகாட்டி தடுத்தால் வாதாட வேண்டாம். வெயிலும் காற்றும் முதலில் தளர்த்துவது நுழைவாயிலின் விளிம்பைத்தான்.

இனி அம்மா. முழங்கால் வலி உள்ளவருக்கு அந்த ஜீப் பயணமும், முட்பட்டையைக் கட்டிக்கொண்டு காலை ஒவ்வொரு முறையும் தூக்கி வைத்து நடக்கும் நடையும் கடினம். நடுவழியில் ஒருவரால் முடியாமல் போனால் குழு முழுவதும் திரும்ப நேரிடலாம். பனிக்குள் நுழைந்து பார்க்க வேண்டும் என்று அவர் விரும்பினால், ரெய்க்யவிக்கின் பெர்லான் அருங்காட்சியகத்துக்குள் 100 மீட்டர் நீளத்துக்கு அமைத்திருக்கும் செயற்கைப் பனிக்குகைக்கு அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் மூவரும் குகைக்குப் போய்வரும் மூன்று, நான்கு மணி நேரம் அவரை ஏரிக்கரையில் தனியே விட்டுவிடாதீர்கள்; உங்களில் ஒருவர் அவருடன் இருந்துவிட்டு, மறுநாள் முறை மாற்றிப் போகலாம். ஏரியில் மிதக்கும் பனிப்பாளங்களும், எதிர்ப்புறக் கடற்கரையின் கருமணலில் ஒதுங்கும் கண்ணாடித் துண்டுகள்போன்ற பனிக்கட்டிகளும் குகைக்கு எவ்விதத்திலும் குறைந்தவையல்ல என்பது என் கருத்து. அலையிலிருந்து மட்டும் நன்றாகத் தள்ளியே நிற்கட்டும். எதிர்பாராத நேரத்தில் பெரிய அலை ஏறிவரும் கரை அது.

ஐஸ்லாந்து, பொதுவான விசா முறை கொண்ட ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளுள் ஒன்று என்பதால், பிரிட்டனுக்குள் வருவதற்கு அம்மா வாங்கும் விசா அங்கே செல்லாது. அவர் திருச்சியிலிருந்து கிளம்புவதற்கு வெகு முன்னதாகவே அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அம்மாவின் வயதும் முழங்காலும் இருக்கின்றன. அவருக்கு அந்தக் குளிருக்குள் வர விருப்பமா என்பது மட்டும் ஓரிடத்திலும் இல்லை. விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன்னால், ஒரு முறை அவரிடமே கேட்டுவிடுங்கள்.