கொழும்பில் வேலை பார்க்கும் வெளிநாட்டவர் வருமான வரி விபரத்திரட்டு கொடுக்க வேண்டுமா?

எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை; இலங்கையில் எவ்வளவு காலம் தங்குகிறார், எங்கெல்லாம் ஈட்டுகிறார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். பன்னிரண்டு மாதங்களுக்குள் மொத்தம் 183 நாட்களோ அதற்கு மேலோ இலங்கையில் தங்கியவரை வரிச் சட்டம் ‘வதிபவர்’ என்கிறது. கடவுச்சீட்டு எந்த நாட்டினது என்று அது பார்ப்பதில்லை. வதிபவர் உலகில் எங்கு ஈட்டிய வருமானத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டும். வதியாதவர் இலங்கையில் ஈட்டியதற்கு மட்டும்.

இது நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் இரண்டு நாள் தங்குபவர் தன் சாப்பாட்டுக்குக் கொடுத்தால் போதும். மாதக்கணக்கில் குடியிருப்பவர் தண்ணீர், மின்சாரக் கட்டணத்திலும் பங்கெடுக்க வேண்டும் அல்லவா?

வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. விபரத்திரட்டு அடுத்த நவம்பர் 30க்குள் உண்ணாட்டு இறைவரித் திணைக்களத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தொழில் வழங்குநரிடம் வரிக் கழிப்புச் சான்றிதழைத் தயங்காமல் கேட்டு வாங்குங்கள்; மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த தொகைக்கு அதுவே அத்தாட்சி. ஒரே வருமானத்துக்கு இரு நாடுகளிலும் வரி விழாமல் பார்த்துக்கொள்ள, இந்தியாவுடன் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தமும் உண்டு.

சம்பளம் சென்னை வங்கிக் கணக்கில் விழுந்தால் இங்கே வரி இல்லை என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு: கொழும்பில் இருந்து செய்த வேலைக்கான சம்பளம் எந்த நாட்டு வங்கியில் வரவானாலும் இலங்கை வருமானம்தான்.